தர்மாஸ்பத்திரிக்கு ஒரு பில்

பில் அச்சடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. சிங்கப்பூரில் ஈசூன் வீட்டிலிருந்து காலை 7 மணிக்குக் கிளம்பி, பலதுறை மருந்தகம் ஒன்றின் கட்டண முகப்பில் போய் உட்கார்ந்தால், மாலை வரை ஒரே வேலைதான். அட்டையை வாங்கு, எண்ணைத் தட்டு, தாளைக் கிழித்துக் கொடு. அந்தத் தாளில் மேலிருந்து கீழாகத் தொகைகள் இருக்கும். மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் அரசாங்க மானியம் எவ்வளவு, மெடிசேவ் என்ற கட்டாய மருத்துவச் சேமிப்பிலிருந்து கழித்தது எவ்வளவு, கடைசியில் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு. 14 ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துச் சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு.

சென்ற ஆடியில் ஊரில் அப்பா விழுந்தார். கொல்லைப்புற வாசற்படி, மழை ஈரம், 74 வயது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தம்பி 108-க்குப் போன் செய்தான். 25 நிமிடத்தில் வண்டி வந்தது, ஒரு பைசா கேட்கவில்லை. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது, பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைக்க வேண்டும் என்றார்கள். தனியார் மருத்துவமனையில் கேட்டதற்கு ஒன்றே முக்கால் லட்சம், அதற்கு மேலும் ஆகலாம் என்று பதில் வந்தது. நான் டிக்கெட் போட்டுக் கிளம்புவதற்குள் அப்பாவே முடிவு சொல்லிவிட்டார்: "தர்மாஸ்பத்திரிக்கே போவோம்."

டெல்டாவில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பெரிய ஆஸ்பத்திரி, அரசு மருத்துவமனை, ஜி.எச். என்று எத்தனை பெயர் வந்தாலும் அப்பாவின் வயதுக்காரர்களுக்கு அது தர்மாஸ்பத்திரிதான். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப் போவதில்லை. பெயர் போட்டால் அங்கே ஓடியோடி வேலை பார்த்தவர்களுக்கும் சேர்த்துச் சூடு விழும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா எலும்பு முறிவு ஆண்கள் வார்டில், காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கவில்லை. காரணம் ஓர் எழுத்து. காப்பீட்டு அட்டையில் அப்பாவின் முன்னெழுத்து 'கோ.' என்று தமிழில் இருந்தது, ஆதாரில் 'கே.' என்று ஆங்கில எழுத்தின் ஒலி ஏறியிருந்தது. என் தாத்தாவின் பெயர் 'கோ'-வில் ஆரம்பித்ததா 'கே'-வில் ஆரம்பித்ததா என்று நிரூபிக்கத் தம்பி இரண்டு நாள் அலைந்தான். காப்பீட்டுப் பிரிவில் இருந்த இளைஞர் நல்லவர். தாள் வந்ததும் அப்பாவைப் படுக்கையோடு படம் எடுத்து அனுப்பி, மறுநாளே அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டார்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது, எனக்கே தெரியாது. அந்தக் காப்பீடு தனியார் மருத்துவமனைக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மாறி, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த அதே அட்டைதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தாலும் அந்த மருத்துவமனை இதே காப்பீட்டிலிருந்து தொகை பெறுகிறது. அதாவது அப்பாவின் படுக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவின் கண்ணுக்கு மட்டும் அது காட்டப்படவில்லை.

நான் கணக்குக்காரி. என் கைப்பையில் எப்போதும் ஒரு சிறு நோட்டு இருக்கும். 12 நாளும் செலவை எழுதினேன்.

மருந்துக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வலி ஊசியிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி வரை எல்லாம் உள்ளேயே கிடைத்தது. மாத்திரை அட்டைகளின் முதுகில் தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வேலை அது. மாநிலம் முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குபோல ஒரு பாஸ்புக் கொடுத்துவிடுகிறார்கள். இருப்பில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழிக்கு வந்தன. மருந்துச் சீட்டைக் கையில் திணித்து வெளியே வாங்கி வரச் சொல்லும் மாநிலங்களின் கதைகளை என்னோடு வேலை பார்க்கும் வடநாட்டுக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. அட்டையைக் கிழித்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "அரசு மருந்து கேட்குமோ கேட்காதோ" என்று ஒரு சந்தேகத்தையும் சேர்த்து விழுங்குகிறார்கள்.

இனி நோட்டு. இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்தால்தான் மயக்க மருந்து கொடுக்க முடியும் என்றார்கள். உள்ளே ஆறு நாள் கழித்துத்தான் தேதி. வெளியே எடுத்தோம், 1,200. பெரியவர்களுக்கான டயாப்பர், விரிப்பு, பஞ்சு, 1,850. எனக்கும் தம்பிக்கும் சாப்பாடும் டீயும் 3,600. ஆட்டோ, பஸ் 2,300. வீட்டுக்குப் போகும்போது வாக்கர் 1,300. அப்புறம் ஒரு பக்கம் தனியாக, தலைப்பே போடாமல் எழுதியது: தள்ளுவண்டி தள்ளியவருக்கு ஐந்து முறை, முறைக்கு 100. அறுவை சிகிச்சைக்கு முன் சவரம் செய்தவருக்கு 200. பெட்பேன் வைத்து எடுக்க நாளுக்கு 50 வீதம் 10 நாள். தியேட்டர் வாசலில் "நல்லபடியாக முடிந்தது அம்மா" என்று சொல்ல வந்தவர்களுக்கு 500. டிஸ்சார்ஜ் அன்று 200. இரவில் தம்பியை உள்ளே விட 150. அந்தப் பக்கம் மட்டும் 2,050.

மொத்தம் 12,300 ரூபாய். சிங்கப்பூர்ப் பணத்தில் 200 வெள்ளிக்கும் கீழே. என் சகாக்களிடம் சொன்னபோது, செயற்கைப் பந்துக்கா என்று வாயைப் பிளந்தார்கள். தம்பி எலக்ட்ரீஷியன், நாள் கூலி 800. அவனுடைய 12 நாளையும் சேர்த்தால் 21,900. அப்போதும் வாயைப் பிளக்கலாம். ஆனால் 800 ரூபாய் கூலிக்காரன் வீட்டுக்கு அது ஒரு மாத வருமானம்.

பெட்பேன் எடுத்த அம்மாளிடம் நான் ஒருமுறை சற்றுக் கடுமையாகக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தான் ஒப்பந்தத் தொழிலாளி என்றும், கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு என்றும் சொன்னார். கேட்டபின் அடுத்த நாள் 50-க்குப் பதில் 100 கொடுத்தேன். அது சரியா தவறா என்று இன்றும் தெரியவில்லை. நான் கொடுத்ததால் பக்கத்துப் படுக்கைக்காரரிடமும் 100 கேட்டிருப்பார்களோ என்ற உறுத்தல் மட்டும் இருக்கிறது. நோட்டில் அந்தக் கூடுதல் 50-ஐ எழுதவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த காட்சிக்கு வருகிறேன்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. செய்தவர் முதுநிலை படிக்கும் ஓர் இளம் மருத்துவர், மேற்பார்வைக்குப் பேராசிரியர். அன்று காலை 8 மணிக்குத் தியேட்டருக்குள் போனவர் மாலை 5 மணிக்கு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே ஒரு பன்னைத் தின்றதை நான் பார்த்தேன். மூன்றாம் நாள் அப்பாவை எழுப்பி வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். செய்யக்கூடாதவற்றைச் சொன்னார்கள்: சம்மணம் போடக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, குந்தவே கூடாது, குந்தினால் பந்து நழுவிவிடும்.

அந்த வார்டில் இருந்த கழிப்பறைகள் எல்லாம் குந்தும் கழிப்பறைகள்.

இடுப்பும் தொடையும் முறிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டு அது. உட்காரும் வகையில் ஒன்று இருந்தது. அதன் கதவில் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே துடைப்பமும் வாளியும் அடுக்கியிருந்தார்கள். தரை எப்போதும் ஈரம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. வாக்கரோடு உள்ளே நுழைந்தால் கதவை மூட முடியாது. அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி கொடுக்கும் பாலும் ரொட்டியும் போதும் என்றார். அது எனக்குத் தெரிய மூன்று நாள் ஆனது. வாட்டர் பாட்டில் நிரம்பியபடியே இருப்பதைப் பார்த்துத்தான் கேட்டேன். "தாகம் எடுக்கவில்லை அம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் ஒரு மாணவி வந்தாள். வெள்ளைக் கோட்டு, அட்டையில் செருகிய தாள்கள். நோயாளிகளின் மனநிறைவு பற்றி ஆய்வு செய்கிறாளாம். விருப்பம் இருந்தால் சொல்லலாம், பெயர் எழுத மாட்டாள். பொறுமையான பெண். கட்டிலருகே குனிந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். மருத்துவர் உங்கள் நோயைப் பற்றி விளக்கினாரா? செவிலியர் மரியாதையாக நடந்துகொண்டாரா? மருந்து கிடைத்ததா? உணவு? காத்திருந்த நேரம்? யாராவது பணம் கேட்டார்களா? மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, திருப்தி இல்லை, சுத்தமாகத் திருப்தி இல்லை. ஐந்து கட்டம்.

அப்பா எல்லாவற்றுக்கும் "மிகவும் திருப்தி" என்றார். பணம் யாரும் கேட்கவில்லை என்றார். கழிப்பறை வசதி என்று வந்தது.

"மிகவும் திருப்தி" என்றார் அப்பா.

என்னால் அடங்க முடியவில்லை. "அப்பா, அதற்குப் பயந்துதானே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள்?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டபோது பார்த்த அதே பார்வை. மாணவி பேனாவைக் காற்றில் வைத்தபடி நின்றாள். "நான் யாரிடம் கேட்கிறேனோ அவர் சொல்வதைத்தான் எழுத முடியும் அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு நடையில் என்னைப் பிடித்து, இந்த வார்டில் இதுவரை கேட்ட எல்லோருமே முதல் கட்டத்தில்தான் டிக் போடச் சொன்னார்கள் என்றாள். சிரித்தாள், ஆனால் சந்தோஷமாக இல்லை. ஆய்வில் காட்ட ஒன்றும் இருக்காதே என்ற கவலை அவளுக்கு.

அன்று மாலை அப்பாவிடம் கோபமாகவே கேட்டேன். மூன்று பதில் சொன்னார். முதலாவது: "நாளைக்குத் தையல் பிரிக்க இதே ஆட்களிடம்தானே வர வேண்டும்?" இரண்டாவது: "அந்த டாக்டர் பிள்ளை ஒன்பது மணி நேரம் நின்றான். என்னை எழுப்பி நடக்க வைத்தவன். அவனைக் குறை சொல்ல வாய் வருமா?" கழிப்பறையைக் குறை சொன்னால் அது டாக்டரைப் போய்ச் சேராது என்று எவ்வளவு சொல்லியும் அவர் ஒப்பவில்லை. ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான். ஒப்பந்தக்காரர், பொதுப்பணித் துறை, பராமரிப்பு நிதி என்று பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மூன்றாவது பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை: "தர்மத்துக்குப் போடுகிற சோற்றில் உப்பு பார்க்கலாமா?"

அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

திரும்பி வந்து முகப்பில் உட்கார்ந்த முதல் நாளே ஒரு பெரியவர் வந்தார். கையில் மெர்டேக்கா தலைமுறை அட்டை, மூத்த சிங்கப்பூரர்களுக்கான சலுகை அட்டை. பில் 11 வெள்ளி 40 காசு. காயத்துக்குக் கட்டு மாற்றியதற்குப் போட்ட தொகை சரியில்லை, போன முறை இதைவிடக் குறைவு என்று ஆரம்பித்து, 45 நிமிடம் காக்க வைத்தது வரை போனார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நியாயமாகப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். அன்று அவரைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. தாளைத் திருப்பித் திருப்பி, "இந்த வரி என்ன? இது யாருடைய பணம்?" என்று கேட்டார். சரிபார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒரு குறியீடு தவறாகப் பதிவாகியிருந்தது. திருத்திக் கொடுத்தேன். நன்றிகூடச் சொல்லாமல் போனார். எதற்கு நன்றி?

அப்போது எனக்கு ஒரு முடிவு தோன்றியது: பில் கொடுப்பதால்தான் இங்கே ஆட்களுக்குக் கேட்கத் தெரிகிறது. இந்த ஊரும் பணக்கார ஊராகப் பிறக்கவில்லை. 1960-இல், இங்கே இன்னும் அத்தாப்புக் கூரை வீடுகள் நிறைந்திருந்த காலத்தில், அரசு மருந்தகங்களில் ஒரு முறை பார்க்க 50 காசு என்று கட்டணம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் இரட்டிப்பு. பிறகு 1984-இல் மெடிசேவ், 1990-இல் மெடிஷீல்டு காப்பீடு, 1993-இல் கட்டவே முடியாதவர்களுக்கு மெடிஃபண்ட் உதவி நிதி, 2015-இல் எல்லோருக்குமான மெடிஷீல்டு லைஃப் காப்பீடு. எது எங்கிருந்து வருகிறது என்று தாளில் தெரியும். இந்தியாவில் அந்த 50 காசுக் கட்டணத்துக்கு 14 ஆண்டுகள் முன்பே, 1946-இல், சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு தன் அறிக்கையில் பணம் கட்ட முடியாத காரணத்தால் யாருக்கும் தகுந்த மருத்துவம் கிடைக்காமல் போகக் கூடாது என்று எழுதிவிட்டது. எழுதியது பெரிய வாக்கியம். பின்னால் ஒதுக்கியது சின்னத் தொகை.

எவ்வளவு சின்னது என்று பார்க்க, இந்தியாவுக்கே ஒரு பில் அடித்துப் பார்த்தேன். தேசிய சுகாதாரக் கணக்கு என்று அரசே வெளியிடுகிறது. 2013–14-இல் நாட்டில் மருத்துவத்துக்கு 100 ரூபாய் செலவானால் அதில் 64 ரூபாய் 20 பைசா மக்கள் கையிலிருந்து நேராகக் கட்டியது. 2021–22-இல் அது 39 ரூபாய் 40 பைசாவாகக் குறைந்திருக்கிறது. அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.15 விழுக்காட்டிலிருந்து 1.84 விழுக்காடாக ஏறியிருக்கிறது. 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை 2025-க்குள் 2.5 என்று வாக்குக் கொடுத்திருந்தது. குறைந்தது உண்மை, போதாது என்பதும் உண்மை. என் நோட்டில் இருப்பதில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்குள் வராது. டீயும் சாப்பாடும் மருத்துவச் செலவு ஆகாது, தம்பி இழந்த கூலி எந்தக் கணக்கிலும் ஏறாது, தலைப்பில்லாத அந்தப் பக்கத்தை யாரும் கேட்கப் போவதும் இல்லை.

ஆனால் பில் பற்றிய என் முடிவு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஓர் இளைஞன் வந்தான். கட்டுமானத் தொழிலாளி, வேலை அனுமதிச் சீட்டு, பேச்சில் புதுக்கோட்டைப் பக்கம். இடது கை நடுவிரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. பதிவு செய்வதற்கு முன்பே என் முகப்புக்கு வந்து, "அக்கா, பார்த்தால் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். அயல்நாட்டவருக்கு மானியம் இல்லை; முழுக் கட்டணம். சொன்னேன். எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். மூன்று நாள். உனக்கு இதற்கென்றே திட்டம் இருக்கிறது, 2022-இலிருந்து விடுதிகளில் இருப்பவர்களுக்கு அடிப்படை மருத்துவத் திட்டம் நடக்கிறது, உன் பகுதி மருத்துவ நிலையத்துக்குப் போகலாம், செலவில் பெரும்பகுதி முதலாளி பொறுப்பு. பெரிய சிகிச்சை என்றால் காப்பீடு இருக்கிறது, முன்பு 15,000 வெள்ளியாக இருந்தது 2023 ஜூலையிலிருந்து குறைந்தது 60,000 என்றெல்லாம் அடுக்கினேன். அவனுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லவில்லை. "அங்கே போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் அக்கா" என்றான். வேலையிடத்தில் பட்ட அடி. அது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

நான் வற்புறுத்திப் பதிவு செய்ய வைத்தேன். விரலில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டு, மேல் சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இது வேலைக் காயம், இதற்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது என்று மருத்துவரும் சொன்னார். முழுத் தொகையும் தன் கையிலிருந்து கட்டினான். வெளியே போகும் வழியில் ஒரு திரை இருக்கிறது, இன்றைய சேவை எப்படி என்று முகங்களைக் காட்டும். தற்செயலாகப் பார்த்தேன். நின்று, கட்டுப் போடாத கையால், வாய் முழுக்கச் சிரிக்கும் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனான்.

அவன் கையில் பில் இருந்தது. எல்லா வரியும் இருந்தது. ஒரு காசு மானியம் வாங்காமல் கட்டியவன். அந்த மெர்டேக்காக்காரரைவிடப் பல மடங்கு கட்டியவன். ஆனாலும் அப்பா டிக் போடச் சொன்ன அதே முதல் கட்டத்தில்தான் அவன் விரலும் போய் நின்றது. பெரியவர் 11 வெள்ளி 40 காசுக்காகச் சண்டை போட்டது பணம் கட்டியதால் மட்டும் இல்லை. இது தன் இடம், இங்கே குரலை உயர்த்தினால் யாரும் தன்னை வெளியே அனுப்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்த விரல்காரனுக்குத் தெரிந்தது வேறு.

இங்குள்ள பில்லைப் பற்றி நான் உருகி எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று மாத மருந்து வேண்டாம், ஒரு மாதத்துக்குக் கொடுங்கள் போதும் என்று மருந்து முகப்பில் தாழ்ந்த குரலில் கேட்கும் ஆயாக்களையும் நான் பார்க்கிறேன். உதவி கேட்கலாம், சமூக சேவையாளர் இருக்கிறார் என்றால், "வேண்டாம், வெட்கம்" என்கிறார்கள். தாளைப் பார்த்துப் பயந்து வராமலே இருப்பவர்கள் என் முகப்புக்கு வர மாட்டார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கு 50 காசு கட்டணம் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காசு வாங்காத ஆஸ்பத்திரி அப்படியே இருக்கட்டும். அவர் அதைத் தர்மம் என்று நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தீபாவளிக்கு மறுபடி ஊருக்குப் போனேன். போவதற்கு முந்தின இரவு, மேசையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஒரே கலையைச் செய்தேன். ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு அப்பாவுக்குப் பில் எழுதினேன். மேலே அவர் பெயர், வார்டு, 12 நாள். செயற்கைப் பந்து, அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, படுக்கை, மருந்து, 108 வண்டி என்று வரிசையாக. தனியார் சொன்ன விலையையே மொத்தமாகப் போட்டேன்: 1,75,000. அடுத்த வரி, கழிவு: 1,75,000. கடைசி வரி, கட்ட வேண்டியது: 0. கழிவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'முன்பே செலுத்தியது' என்று எழுதினேன்.

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "முன்பே யார் செலுத்தினார்கள்?"

"நீங்கள்தான்."

"நான் எங்கே வரி கட்டினேன்? வீட்டு வரி மட்டும்தானே?"

அவர் கைப்பேசிக்கு மாதாமாதம் போடும் பணத்தில் 18 விழுக்காடு வரி என்று ஆரம்பித்தேன். சோப்பு, பற்பசை, சிமெண்டு, தம்பி வீடு கட்டியபோது வாங்கிய கம்பி, அம்மாவின் தையல் இயந்திரம். டாஸ்மாக் வருமானத்தில் மட்டும் இந்த வீட்டுப் பங்கு ஒன்றும் கிடையாது என்றதும் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "அப்படிப் பார்த்தால் 50 வருஷமாகக் கட்டியிருக்கிறேன்" என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி. தாளை நான்காக மடித்து, ரேஷன் அட்டையும் காப்பீட்டு அட்டையும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையில் செருகினார். அந்த உறையில் இடம் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. என் கல்யாணப் பத்திரிகைக்கே கிடைக்கவில்லை.

அவருக்கு இப்போது வீட்டிலேயே உடற்பயிற்சி சிகிச்சை நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக ஒரு பெண் வருகிறாள், காலை நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். இரத்த அழுத்த மாத்திரையையும் இன்னொரு தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். இதை என் முகப்பில் சொன்னால் இங்கே பலர் பொறாமைப்படுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போன் செய்தேன். மழை, நெல் விலை, தம்பி மகனுக்குக் காய்ச்சல் எல்லாம் பேசி முடித்த பிறகு, வைக்கப் போகும் நேரத்தில் சொன்னார்: "அந்தப் பயிற்சிப் பிள்ளை இரண்டு வாரமாக வரவில்லை அம்மா."

"உடம்பு சரியில்லையோ என்னவோ அப்பா."

"அவள் பாவம், அவளைச் சொல்லவில்லை. நாலு ஊருக்கு அவள் ஒருத்தி. இன்னொரு ஆள் போட வேண்டாமா? யாரிடம் கேட்பது?"

104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம் என்றேன். குறிப்பு எடுக்க வேண்டாம், மூன்று இலக்கம்தான் என்றும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "இரு, இரு" என்று போனைக் கட்டிலில் வைத்துவிட்டார். வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் அலமாரி வரை போனது. பிளாஸ்டிக் உறை பிரியும் சத்தம். "பேனா எங்கே?" என்று அம்மாவிடம் கத்தினார். கொடுத்த பேனா எழுதவில்லை போலிருக்கிறது. இன்னொன்றைக் கேட்டு மறுபடி கத்தினார்.